கோர் 2 டியோ டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட்: பென்டிரைவ் பூட் ஆகவில்லை, கர்சர் மட்டும் மினுக்குகிறது

தெற்குவாசல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. மெஷின் விவரம்: இன்டெல் கோர் 2 டியோ இ7500, ஜி41 சிப்செட் மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ரேம் (ஒரே குச்சி, இன்னொரு ஸ்லாட் காலி), 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. இப்போது விண்டோஸ் 7, 32 பிட் இருக்கிறது. குரோம் 109க்கு மேல் ஏறவில்லை, பல தளங்கள் சரியாகத் திறப்பதில்லை.

லினக்ஸ் மின்ட் 22 (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்), எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை இறக்கி, ஒரு லேப்டாப்பில் ரூஃபஸ் (பூட் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருள்) மூலம் 16 ஜிபி பென்டிரைவில் ஏற்றினேன். பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரையில் கர்சர் மினுக்குகிறது, அவ்வளவுதான். 32 பிட் விண்டோஸ் ஓடும் மெஷின் என்பதால் 32 பிட் லினக்ஸ்தான் போட வேண்டுமா? 2 ஜிபி ரேம் போதுமா? டி டிரைவில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் நிறைய உள்ளன, அவை திறக்க வேண்டும். பிரின்டர் ஹெச்பி லேசர்ஜெட் 1020.

கருவிப்பெட்டி

விண்டோஸ் எத்தனை பிட் என்பதும் பிராசஸர் எத்தனை பிட் என்பதும் வேறு வேறு. இ7500 ஒரு 64 பிட் பிராசஸர். அதனால் நீங்கள் இறக்கிய ஐஎஸ்ஓவே (இன்ஸ்டால் ஃபைல்) சரி. மின்ட் 20 வரிசையிலிருந்து 32 பிட் பதிப்பே கிடையாது.

கர்சர் மினுக்குவது அநேகமாக ரூஃபஸ் அமைப்பால். புது லேப்டாப்பில் ரூஃபஸ் திறக்கும்போது பார்ட்டிஷன் ஸ்கீம் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) என்ற இடத்தில் ஜிபிடி (புது முறை) என்றும், டார்கெட் சிஸ்டம் யுஇஎஃப்ஐ என்றும் நின்றிருக்கலாம். ஜி41 போர்டில் இருப்பது பழைய பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்), அதன் புது வடிவமான யுஇஎஃப்ஐ இதற்குத் தெரியாது. பார்ட்டிஷன் ஸ்கீமை எம்பிஆர் (பழைய முறை) என்று மாற்றினால் டார்கெட் தானாகவே பயாஸ் பக்கம் மாறும். ஸ்டார்ட் கொடுத்ததும் ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ. அதிலும் பூட் ஆகாவிட்டால் டிடி.

இன்னொன்று: இந்தக் காலத்து போர்டுகளில் பல, பென்டிரைவை யுஎஸ்பி என்று காட்டாமல் ஹார்ட் டிஸ்க் பட்டியலுக்குள் ஒளித்து வைக்கும். பயாஸுக்குள் போய் ஹார்ட் டிஸ்க் பூட் பிரயாரிட்டியில் பென்டிரைவை முதல் இடத்துக்கு ஏற்றுங்கள். கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பியில் செருகாதீர்கள், பின்பக்கத்தில் போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள்.

உள்ளே போனபின் தேதியையும் பாருங்கள். 2009 என்றோ 2010 என்றோ காட்டினால் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துவிட்டது. அதை மாற்றாமல் லினக்ஸ் போட்டால் அப்டேட் சர்வர் “இந்த ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை” என்று மறுக்கும், பிரவுசரில் எல்லாத் தளங்களும் சான்றிதழ் பிழை காட்டும். நெட் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரைக் குடைந்து கொண்டிருப்பார்கள்.

பனைமரம்88

விண்டோஸ் 11ஐயே பைபாஸ் பண்ணிப் போட்டுவிடலாமே? டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) செக்கைத் தாண்ட வழி இருக்கிறது.

கருவிப்பெட்டி

டிபிஎம் செக்கைத் தாண்டலாம், பிராசஸரைத் தாண்ட முடியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற கட்டளை பிராசஸரில் இருந்தே ஆக வேண்டும். கோர் 2 வரிசையில் எதிலும் அது இல்லை. பூட்டே ஆகாது.

நாலாம்படி

ரேம் பற்றி. மின்ட் குறைந்தபட்சம் என்று சொல்வது 2 ஜிபி. டெஸ்க்டாப் வந்துவிடும், ஃபயர்ஃபாக்ஸில் நாலு டேப் திறந்ததும் ஹார்ட் டிஸ்க் அரைக்க ஆரம்பிக்கும். 4 ஜிபி ஆக்குங்கள்.

ஆனால் ஜி41இல் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இந்தச் சிப்செட், அடர்த்தி கூடிய சிப்கள் உள்ள ரேமை ஏற்காது. 4 ஜிபி குச்சி வாங்குவதானால் இரண்டு பக்கமும் எட்டெட்டாக மொத்தம் 16 சிப் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் உள்ள 4 ஜிபி குச்சியைப் போட்டால் பீப் அடிக்கும், அல்லது டிஸ்ப்ளே வராது. “ஏஎம்டி போர்டுக்கு மட்டும்” என்று மலிவாக விற்கும் குச்சிகள் பக்கம் போகவே வேண்டாம். தலைவலி வேண்டாமென்றால் இன்னொரு 2 ஜிபி குச்சி, 16 சிப் உள்ளதாக, வாங்கிக் காலி ஸ்லாட்டில் போடுங்கள். 1333 வேகத்தில் கிடைத்தாலும் பரவாயில்லை, போர்டு 1066க்கு இறக்கி ஓட்டிக்கொள்ளும்.

ரேமைவிட வித்தியாசம் காட்டுவது எஸ்எஸ்டி. போர்டில் இருப்பது சாட்டா 2 (டிஸ்க் இணைப்பின் பழைய தலைமுறை) என்பதால் உறையில் போட்டிருக்கும் வேகத்தில் பாதிதான் வரும். இருந்தாலும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில்தான் பழைய டிஸ்க் திணறுகிறது, அந்தத் திணறல் போய்விடும். 240 ஜிபி தாராளம். 320 ஜிபி டிஸ்க்கை டேட்டாவுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைப்பது) ‘டிஸ்க்ஸ்’ செயலியில் பாருங்கள். பென்டிங் செக்டார் (படிக்கத் திணறும் பகுதிகள்) பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் முதல் வேலை பேக்கப், மற்றதெல்லாம் அப்புறம்.

கேபினெட்டைத் திறந்த கையோடு பிராசஸரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ இந்த போர்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

தெற்குவாசல்

எம்பிஆர் ஆக்கியதும் பூட் ஆகிவிட்டது, நன்றி. 2 ஜிபி குச்சியும் எஸ்எஸ்டியும் போட்டாயிற்று. எஸ்எஸ்டியில் ‘எரேஸ் டிஸ்க்’ கொடுத்து இன்ஸ்டால் முழுதாக முடிந்தது. பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் “சிஸ்டம் டிஸ்க்கைச் செருகி என்டர் அழுத்து” என்கிறது. பயாஸில் எஸ்எஸ்டி முதலிடத்தில்தான் இருக்கிறது.

கருவிப்பெட்டி

பென்டிரைவில் மறுபடி பூட் செய்து ஜிபார்ட்டட் (டிஸ்க்கைப் பிரிக்கும் செயலி) திறங்கள். வியூ மெனுவில் டிவைஸ் இன்ஃபர்மேஷன் டிக் செய்தால் பார்ட்டிஷன் டேபிள் வகை தெரியும். ஜிபிடி என்று இருந்தால் காரணம் அதுதான். ‘எரேஸ் டிஸ்க்’ கொடுத்தால் காலி டிஸ்க்கை ஜிபிடியாகப் பிரிக்கும். சில பழைய பயாஸ்கள் முதல் செக்டாரில் ‘ஆக்டிவ்’ என்று குறியிட்ட பார்ட்டிஷன் இல்லாத டிஸ்க்கைத் திரும்பியே பார்க்காது.

எஸ்எஸ்டியில் இன்னும் எதுவும் இல்லை என்பதால் திரும்பப் போடுவதே சுலபம். அதற்கு முன் மெஷினை அணைத்து 320 ஜிபி டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழிக்க வாய்ப்பே இருக்காது. பிறகு ஜிபார்ட்டடில் வலது மேல் மூலையில் எஸ்எஸ்டியின் கொள்ளளவைச் சரிபார்த்துவிட்டு, டிவைஸ் மெனு, கிரியேட் பார்ட்டிஷன் டேபிள், வகை எம்எஸ்டாஸ். அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எம்பிஆரைத்தான் அங்கே அப்படி அழைக்கிறார்கள்.

இன்ஸ்டாலரில் இந்த முறை ‘சம்திங் எல்ஸ்’. முழு இடத்தையும் ஒரே பிரைமரி பார்ட்டிஷனாக, எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் அமைப்பு), மவுன்ட் பாயின்ட் சாய்கோடு (/). ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) தனி பார்ட்டிஷன் வேண்டாம், அது ஃபைலாக உருவாகிவிடும். கீழே பூட்லோடர் (லினக்ஸைத் துவக்கும் சிறு நிரல்) எங்கே என்று கேட்குமிடத்தில் எஸ்எஸ்டி முழு டிஸ்க்காக இருக்க வேண்டும். பெயருக்குப் பின் 1, 2 என்று எண் வரக்கூடாது, பென்டிரைவாகவும் இருக்கக்கூடாது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லையே என்று எச்சரித்தால் தொடரலாம், பயாஸுக்கு அது தேவையில்லை.

பிறகும் மறுத்தால், ஜிபார்ட்டடில் அந்த பார்ட்டிஷன்மேல் ரைட் கிளிக், மேனேஜ் ஃப்ளாக்ஸ், ‘பூட்’ டிக்.

தெற்குவாசல்

ஜிபிடி என்றுதான் இருந்தது. எம்எஸ்டாஸ் ஆக்கி, பூட் ஃப்ளாக்கும் போட்டபின் வந்துவிட்டது. பழைய டிஸ்க்கை மாட்டிவிட்டேன், டி டிரைவும் தெரிகிறது. இனி தமிழும் பிரின்டரும்தான்.

ஓலைப்பெட்டி

பாமினி ஃபைல்கள் திறக்க எழுத்துரு ஃபைல் போதும். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் எச் அழுத்தினால் மறைந்தவை தெரியும். அங்கே புள்ளியில் தொடங்கும் ‘ஃபாண்ட்ஸ்’ என்ற ஃபோல்டர் உருவாக்கி (ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில்) விண்டோஸிலிருந்து பாமினி டிடிஎஃப் ஃபைலைப் போடுங்கள். லிப்ரே ஆஃபிஸை மூடித் திறந்தால் பட்டியலில் வரும்.

அந்த ஃபைல்களில் புதிதாக அடிப்பதற்கு முன் டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பாமினிக்கு அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள். சின்ன கே அடித்தால் ம, பெரிய கே அடித்தால் மு. லிப்ரே ஆஃபிஸ் ஆங்கிலம் என்று நினைத்துத் திருத்தப் போக, ‘மரம்’ என்று தொடங்கும் வாக்கியம் ‘முரம்’ ஆகிவிடும்.

புது வேலைகளை யூனிகோடில் செய்யுங்கள். கீபோர்டு செட்டிங்கிலேயே தமிழ்நெட்99 என்று ஒரு லேஅவுட் தெரியும், அதை எடுக்காதீர்கள். அது விசைக்கு ஒரு எழுத்தைப் போடுவதோடு சரி, ககர விசையை இருமுறை தட்டினால் ‘க்க’ ஆக்கும் தானியங்கிப் புள்ளி அதில் கிடையாது. சினாப்டிக்கில் (மென்பொருள் நிறுவும் செயலி) ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பைப் போட்டு, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து வந்து, ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழ், தமிழ்99 சேருங்கள்.

பிரின்டர்: 1020ஐ மின்ட் தானே கண்டுபிடிக்கும், பிரின்ட் கொடுத்தால் போனதாகவும் காட்டும், காகிதம் மட்டும் நகராது. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர்தான் இந்த மாடலுக்கு ஃபர்ம்வேரை (பிரின்டரை இயக்கும் உள் மென்பொருள்) ஊட்ட வேண்டும். அந்த ஃபர்ம்வேர் ஹெச்பியின் தனி பிளகினில் இருக்கிறது. ஹெச்பி டூல்பாக்ஸைத் திறந்து பிரின்டரைச் சேர்க்கும்போது பிளகின் இறக்கவா என்று கேட்கும், நெட் இணைப்போடு சம்மதம் கொடுங்கள். பின்னாளில் ஹெச்பிலிப் (ஹெச்பியின் லினக்ஸ் டிரைவர்) அப்டேட் ஆகி பிரின்டர் திடீரென்று ஊமையானால் பிளகினை மறுபடி போட வேண்டும், இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் வேலை செய்யும்.