நாலாம் வகுப்பு வார்த்தைக் கணக்கு: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். மகன் நாலாம் வகுப்பு. கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் சரளம். கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால்தான் வண்டி நின்றுவிடுகிறது.

போன வாரம் வந்த கணக்கு இது: "மீனாவிடம் 24 கொய்யா உள்ளன. அது ரவியிடம் இருப்பதைவிட 6 அதிகம். ரவியிடம் எத்தனை?" பையன் யோசிக்கவே இல்லை, 30 என்று எழுதிவிட்டான். 'அதிகம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று டியூஷனில் பழக்கியிருக்கிறார்கள். இங்கே அதுவே காலை வாரிவிட்டது. விடை 18.

அப்புறம் மீனாவுக்கு நீளமாக ஒரு பட்டை, ரவிக்குக் குட்டையாக ஒன்று என்று வரையச் சொன்னேன். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்து இந்த முறை உண்டு. வரைந்ததும், "அட, ரவிக்குத்தான் கம்மியா!" என்றான்.

சரி, தப்பித்தோம் என்று பார்த்தால் இரண்டு படிக் கணக்கில் மறுபடி சிக்கல். ஒரு முழம் மல்லிகை 40 ரூபாய்; 3 முழம் வாங்கி 200 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? 120 என்று எழுதிவிட்டுப் பென்சிலை வைத்துவிடுகிறான். இதே பையன் மீனாட்சியம்மன் கோயில் பக்கம் பூ வாங்கும்போது மீதி 80 ரூபாயை எண்ணி வாங்குகிறான். பூக்காரம்மாவே சிரித்துவிட்டார்.

நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்? கடைசிக் கேள்வியை முதலில் படிக்கவைப்பதா, கணக்கைக் கதையாகத் திருப்பிச் சொல்லவைப்பதா? தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள் இருந்தால் பகிருங்கள். ஆப் மட்டும் வேண்டாம், போனைக் கொடுத்தால் கணக்கு போய் கேம் வந்துவிடும்.