அந்தத் தேதி வந்தாலே மனத்தில் உறுத்துவது: உங்கள் அனுபவம் என்ன?

சுண்ணக்கட்டி:

நூலக வாசலில் இருக்கும் கரும்பலகையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதுவதை எட்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்ட வேலை. சில தேதிகளுக்கு இரண்டு வரி கிடைக்காமல் தேடுவேன். செப்டம்பர் 11 வந்தால் பலகையில் இடம் போதாது. 1893இல் சிகாகோவில் விவேகானந்தர் பேசியது, 1895இல் வினோபா பிறந்தது, 1906இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள் அநியாயச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று காந்தியோடு உறுதி எடுத்தது, 1973இல் சிலியில் ராணுவம் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. 2001ஐப் பற்றி எழுதவே வேண்டாம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘1921: பாரதியார் மறைவு.’

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஒரு முதியவர் முன்னே வந்தார். சுட்டுவிரலால் அந்தக் கடைசி வரியை மட்டும் நிதானமாக அழித்தார். கோபமாக அல்ல, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல. “இதை நாளைக்கு எழுதுங்கள் தம்பி. அவர் போனது பன்னிரண்டு” என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “ஊரே பதினொன்று என்றுதான் அனுசரிக்கிறது ஐயா” என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே அதே வரியை மறுபடி எழுதினேன். அவர் ஒன்றும் பேசாமல் விரலைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே தேடிப் பார்த்தேன். திருவல்லிக்கேணி வீட்டில் பாரதி உயிர் பிரிந்தது நள்ளிரவைத் தாண்டி ஒன்றரை மணி அளவில். இறப்புப் பதிவில் 12 என்றுதான் இருக்கிறது. அவர் சொன்னது சரி. மறுநாள் பலகையில் திருத்தம் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அவர் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் அந்த இடத்தில் எழுதும்போது அவருடைய விரல் தடம் அங்கேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

உங்களுக்கும் இப்படி ஒரு தேதி இருந்தால் எழுதுங்கள்.

அகல்விளக்கு:

என் மகள் பிறந்தது 2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு. அலை இந்தியக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவள் பிறந்தாள். நடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவில்.

நான் வராந்தாவில் எல்லோருக்கும் தொலைபேசியில் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது அழைப்பில், எடுத்தவர் பேசாமல் அழுதார். எனக்காக அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் எதற்கென்று தெரிந்தது.

ஆனால் என்னை விடாமல் உறுத்துவது அது அல்ல. அவளுக்கு ஒன்பது வயது. பிறந்தநாள் காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினாள். ஒரு பக்கம் முழுக்க நினைவஞ்சலிப் படங்கள். பெரும்பாலும் குழந்தைகள். ஒவ்வொரு படத்தின் கீழும் அவளுடைய தேதி. நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்பா, என் பிறந்தநாளை 27க்கு மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் கூடாது” என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல், ஏதோ சட்டம் சொல்வதுபோல. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அந்த ஆண்டிலிருந்து நண்பகல் வரை யாருடைய வாழ்த்தையும் ஏற்பதில்லை. ஏன் நண்பகல் என்று நானும் கேட்டதில்லை.

நெடுவழி:

அகல்விளக்கு எழுதியதற்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இல்லை. சுண்ணக்கட்டிக்குச் சொல்கிறேன்.

முதியவர் சொன்னது சரி, நீங்கள் எழுதியது தவறு என்று ஒரே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது நம் பழைய முறை. அந்தக் கணக்கில் இரவு ஒன்றரை மணி என்பது முந்தைய நாளின் இரவுதான். நள்ளிரவில் தேதி மாறுவது ஆங்கிலக் கணக்கு. 2021இல் தமிழக அரசும் செப்டம்பர் 11ஐத்தான் மகாகவி நாள் என்று அறிவித்தது. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் தேதியை மட்டும் சொல்வதால்தான் இந்தச் சண்டையெல்லாம்.

இதில் நான் ஒருமுறை சூடுபட்டவன். வினாடி வினா இறுதிச் சுற்று. “1616 ஏப்ரல் 23 அன்று மறைந்த இரு பெரும் எழுத்தாளர்கள் யார்?” என்று கேட்டார்கள். ஷேக்ஸ்பியர், செர்வாண்டிஸ் என்று சொல்லியிருந்தால் கோப்பை எங்களுடையது. நான் எழுந்து, “அவர்கள் ஒரே நாளில் இறக்கவில்லை” என்றேன். அரங்கம் அமைதியானது. என் கூட்டாளி மேசைக்கு அடியில் என் சட்டையைப் பிடித்து இழுத்தது இன்னும் நினைவிருக்கிறது. மதிப்பெண் எதிரணிக்குப் போனது. அந்த நண்பர் அதன் பிறகு என்னோடு எந்தப் போட்டிக்கும் வரவில்லை.

நான் சொன்னதில் மாற்றமில்லை. அப்போது செர்வாண்டிஸின் ஸ்பெயினில் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டி, ஷேக்ஸ்பியரின் இங்கிலாந்தில் அதற்கு முந்தைய ஜூலியன். இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயின் கணக்கில் மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் தேதி, 23 அவர் அடக்கம் செய்யப்பட்ட நாள். யுனெஸ்கோ 1995இல் அந்தத் தேதியை உலகப் புத்தக நாளாக அறிவித்தது நல்ல காரியம், கொண்டாடுவோம். ஆனால் ‘ஒரே நாளில்’ என்று எழுத வேண்டாம்.

பலகை எழுதுபவர் என்பதால் சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன். கிரிகோரியன் நாள்காட்டி வந்த 1582க்குப் பிறகு பல ஆண்டுகள் ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு தேதி வேறு. அதை உடனே ஏற்ற நாடுகளில் அந்த ஆண்டு அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. இங்கிலாந்து 1752இல்தான் மாறியது, அங்கே செப்டம்பர் 2க்கு மறுநாள் 14. கலீலியோ இறந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று அழகாக எழுதுவார்கள். நியூட்டனின் பிறந்தநாளான 1642 டிசம்பர் 25 இங்கிலாந்துக் கணக்கு. கலீலியோவின் இத்தாலிக் கணக்கில் அது 1643 ஜனவரி 4. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நமக்கு நவம்பர் 7.

நாள்காட்டி ஒன்றாக இருந்தாலும் கடிகாரம் வேறு. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது ஹவாயில் டிசம்பர் 7, ஜப்பானில் டிசம்பர் 8. அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது அமெரிக்காவில் ஜூலை 20. நம் நாட்டில் நள்ளிரவு தாண்டி 1.47, அதாவது ஜூலை 21. எந்தத் தேதியை எழுதினாலும், ‘எந்த இடத்தில், எந்த நாள்காட்டியில்’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுதுங்கள். பிறந்த தேதியா, ஞானஸ்நானத் தேதியா என்றும் பாருங்கள். ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26 என்ற ஞானஸ்நானப் பதிவு மட்டுமே இருக்கிறது. பிறந்தநாள் 23 என்பது அதிலிருந்து ஊகித்தது.

நான்காண்டு:

நெடுவழி அவர்களே, முதியவர் ஒருவருடைய மனம் நோகும்படி நடந்துகொண்டோமே என்று சுண்ணக்கட்டி வருந்துகிறார். நீங்கள் 1582க்குப் போய்விட்டீர்கள். உங்கள் கூட்டாளி ஏன் பிறகு வரவில்லை என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

நான் பிப்ரவரி 29. சிறு வயதில் என் தேதியில் பிறந்த பெரியவர் யாராவது உண்டா என்று ஏங்கித் தேடினேன். மொரார்ஜி தேசாய் கிடைத்தார், 1896. அவருக்கு அடுத்த பிறந்தநாள் எட்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது, ஏனென்றால் 1900 லீப் ஆண்டு இல்லை. எட்டு ஆண்டு காத்திருந்து அவருக்கு வந்த அந்த முதல் பிறந்தநாளில், 1904 பிப்ரவரி 29 அன்று, ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். இதைக் கண்டுபிடித்த அன்று நான் அழுதேன். தொண்ணூற்றொன்பது வயது வாழ்ந்த மொரார்ஜிக்கு உண்மையான பிறந்தநாள் மொத்தம் இருபத்துமூன்று.

சொல்ல வந்தது வேறு. ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். கணினி என் தேதியை ஏற்கவில்லை. அங்கிருந்த அம்மையார் திரையைப் பார்த்தபடியே, “28 என்று போட்டுவிடட்டுமா?” என்றார். பின்னால் நீண்ட வரிசை. “சரி” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லால் ஓர் ஆவணத்தில் நான் இன்றும் பிப்ரவரி 28இல் பிறந்தவள். திருத்தக் கேட்டு மூன்று முறை போயிருக்கிறேன். ஆனால் உறுத்துவது அந்த அலைச்சல் அல்ல. அவ்வளவு எளிதாக நான் “சரி” என்றதுதான்.

இருபத்துமூன்று:

கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்துமூன்று பேர் இருக்கும் அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க, பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு உண்டு. நாற்பது பேர் என்றால் 89 விழுக்காடு. ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் செய்து காட்டுவேன், பிள்ளைகள் துள்ளுவார்கள்.

ஓர் ஆண்டு, எப்போதும் பின் வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் ஒரு மாணவன் தானாக எழுந்தான். “ஐயா, ஆபிரகாம் லிங்கனும் சார்லஸ் டார்வினும் ஒரே நாளில் பிறந்தவர்கள். 1809 பிப்ரவரி 12. ஆண்டும் ஒன்றுதான். நானும் பிப்ரவரி 12” என்றான். அவன் குரல் நடுங்கியது. அதை எவ்வளவு நாள் தனக்குள் வைத்திருந்தானோ.

நான் என்ன செய்தேன்? பலகைப் பக்கம் திரும்பி, குறிப்பிட்ட ஒரு நாளில் ஒருவராவது பிறந்திருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு வேண்டுமானால் 253 பேர் வேண்டும் என்று எழுதினேன். வரலாற்றில் பெயர் பெற்றவர்கள் பல்லாயிரம், நாள்கள் 365தான், எந்த நாளை எடுத்தாலும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள், இதில் வியக்க ஒன்றுமில்லை என்று விளக்கினேன். கணக்கு சரிதான். திரும்பிப் பார்த்தபோது அவன் உட்கார்ந்துவிட்டான். முகம் அணைந்திருந்தது. ஆண்டு முடியும்வரை அவன் மறுபடி எழவில்லை.

அகல்விளக்கு அவர்களுக்கு ஒரு யோசனை. உலகில் ஒவ்வொரு தேதியிலும் துயரமும் பிறப்பும் கலந்துதான் இருக்கின்றன என்று மகளிடம் எண்களோடு எடுத்துச் சொல்லுங்கள். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள், லிங்கன் சுடப்பட்ட நாள், டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய இரவு, ரமணர் மறைந்த நாள். ஜனவரி 30 காந்தி கொல்லப்பட்ட நாள், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிறந்த நாள், ஹிட்லர் பதவியேற்ற நாள். டிசம்பர் 11 பாரதி பிறந்த நாள், எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்த நாள். இப்படிப் பட்டியல் போட்டுக் காட்டினால் அவளுக்கு மனம் லேசாகும்.

அகல்விளக்கு:

ஐயா, உங்கள் மாணவனிடம் செய்ததைத்தான் என் மகளிடமும் செய்யச் சொல்கிறீர்கள். அவளுக்கு இப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பட்டியல் எல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் யோசனை கேட்டு எழுதவில்லை.

இருபத்துமூன்று:

நீங்கள் சொல்வது சரி. மன்னிக்க வேண்டும்.

நெடுவழி:

நான்காண்டு அவர்களுக்கு: யோசித்தேன். அந்த நண்பரின் எண்ணைத் தேடி எடுத்திருக்கிறேன். ஆனாலும் செர்வாண்டிஸ் இறந்தது 22தான்.

சுண்ணக்கட்டி:

எல்லாவற்றையும் படித்தேன். சூரிய உதயக் கணக்கு எனக்கு ஓரளவு ஆறுதல் தருகிறது. ஆனால் அன்று நான் அந்தக் கணக்கை வைத்து மறுபடி எழுதவில்லை, ரோஷத்தில் எழுதினேன். அது அந்த முதியவருக்கும் தெரிந்திருக்கும்.

போன செப்டம்பரில் பாரதிக்கு இரண்டு நாளும் இடம் விட்டேன். 11ஆம் தேதி ‘நள்ளிரவுக்குப் பின், 1.30 மணி அளவில்’ என்று எழுதி, 12ஆம் தேதி அந்த ஒரு வரியை மட்டும் பலகை முழுவதற்கும் எழுதினேன். அன்று வாசலிலேயே நெடுநேரம் நின்றிருந்தேன்.

நாளை நவம்பர் 7. மேரி கியூரி, 1867. சி.வி. ராமன், 1888. இயற்பியலுக்கு நோபல் பெற்ற இருவர் ஒரே தேதியில். அடுத்து ரஷ்யப் புரட்சி. அதற்குப் பக்கத்தில் ‘ரஷ்யாவின் பழைய நாள்காட்டியில் அக்டோபர் 25’ என்று சேர்க்கப் போகிறேன். டிசம்பர் 26க்கு இந்த ஆண்டு என்ன எழுதுவது, எத்தனை மணிக்கு எழுதுவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. நண்பகலுக்குப் பிறகு, ‘இன்று பிறந்தவர்களுக்கு வாழ்த்துகள்’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று அகல்விளக்கு அவர்களிடம் கேட்க நினைக்கிறேன்.

அகல்விளக்கு:

மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்.