ஒடிசாக்காரங்களைச் சங்கத்தில் சேர்க்கலாமா?

பாளையங்கோட்டைக்காரி:
இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காண்டிராக்டில் துப்புரவு வேலை. பாதிப் பேர் ஒடிசாவில் இருந்து வந்தவங்க. கையுறை வாரத்துக்கு ஒரு ஜோடிதான். பிளீச்சிங் தண்ணி பட்டு விரலிடுக்கு வெந்துபோய், பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மாப்பைப் பிழிகிறோம். பி.எஃப். பிடிக்கிறார்கள், சம்பளச் சீட்டு கிடையாது. "வெளிமாநிலத்து ஆளுக்கு இங்கே சங்கம் கிடையாது" என்கிறார் சூப்பர்வைசர். நிசமா?

ஜங்ஷன் அண்ணாச்சி:
சும்மா அளக்கிறார், தங்கச்சி. எந்த ஊர்க்காரரும் சேரலாம். தனிச் சங்கம் பதிய 7 பேர் விண்ணப்பிக்க வேண்டும்; அதோடு மொத்த ஆட்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்கணும். அதற்கு அலைவதைவிட சி.ஐ.டி.யூ., ஏ.ஐ.டி.யூ.சி. மாதிரி இருக்கிற சங்கத்தில் சேருவது லேசு. காண்டிராக்டர் சம்பளம் தராவிட்டால் ஆஸ்பத்திரிதான் தரணும், அதை மறக்காதீங்க.

வண்ணார்பேட்டை:
முதலில் யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். நம்பரை வாங்கி, பிடித்த பணம் கட்டியிருக்கா என்று போனில் பாருங்க. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் உண்டு, சம்பளத்தில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. கை வெந்ததுக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் பார்க்கலாம்.

பழைய தொழிற்சங்கக்காரன்:
1990-ல் லாஸ் ஏஞ்சலஸில் துப்புரவுத் தொழிலாளர் போராடி ஜெயித்தார்கள். பெரும்பாலும் மத்திய அமெரிக்க நாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்கள். காண்டிராக்டரோடு மட்டும் மல்லுக்கட்டாமல் கட்டட முதலாளிகளையும் நெருக்கினார்கள். நீங்களும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கே மனு கொடுங்க. ஒடியாவிலும் எழுதுங்க, புரியாத தாளில் யார் கையெழுத்துப் போடுவார்?

பாளையங்கோட்டைக்காரி:
சரி அண்ணாச்சி. எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று ராத்திரி ஷிப்டில் இருக்கு, கேட்கிறேன்.