படுத்தால் கூடிய முதுகுவலி: என் தம்பியின் கதை

என் தம்பிக்கு வந்தது மிக்ஸோபாப்பிலரி எபென்டிமோமா. தண்டுவடம் முடிகிற இடத்தில் மெல்ல மெல்ல வளர்கிற அரிய கட்டி. கண்டுபிடிக்க 14 மாதம் ஆனது.

அப்போது அவனுக்கு 34 வயது. லோடு வண்டி ஓட்டுகிறவன் என்பதால், முதுகுவலி என்றதும் டிஸ்க் என்றே முடிவு செய்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் இருந்தது. மாத்திரை, பெல்ட், எண்ணெய்க் கட்டு என்று நாள் போனது.

பகலில் எப்படியோ சமாளிப்பான். ராத்திரி படுத்த ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவான். தலையணையை மடியில் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குவான். அவன் தலை பட்ட இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்துபோனது. தினமும் அதைப் பார்த்தும் எந்த டாக்டரிடமும் நாங்கள் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. படுத்தால் கூடுகிற வலி சாதாரண முதுகுவலியாக இல்லாமல் இருக்கலாம். தயவுசெய்து அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் சிறுநீர் கழிக்கவே சிரமமானது. அதைக் கேட்டதும்தான் ஒரு டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். கால்களுக்குப் போகும் நரம்புக் கொத்தின் நடுவே சுண்டுவிரல் போல ஒரு கட்டி.

நியூரோ சர்ஜன் உடனே கத்தியை எடுக்கவில்லை. முதலில் கான்ட்ராஸ்ட் என்கிற மருந்தை ஊசியில் போட்டு, முதுகெலும்பு முழுவதற்கும் மூளைக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இந்தக் கட்டியின் செல்கள் தண்டுவடத் திரவத்தில் கலந்து வேறு இடத்திலும் முளைக்குமாம். "பொட்டலம் பிரியாம முழுசா எடுக்கணும்மா, அதுதான் முக்கியம்" என்றார். அறுவை நடக்கும்போது காலிலும் ஆசனவாய்த் தசையிலும் ஊசி மின்முனைகள் பொருத்தி, எது வேலை செய்கிற நரம்பு என்று பார்த்துப் பார்த்து, அதை விட்டுவிட்டுக் கட்டியை வெட்டியெடுத்தார்கள். உறை கிழியாமல் வந்தது, ரேடியேஷன் வேண்டியிருக்கவில்லை.

வீடு திரும்பியபின் கஷ்டம் வேறு மாதிரி. சிறுநீர் முட்டுவதே அவனுக்குத் தெரியாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்துப் போவான். உணர்வு திரும்ப ஐந்து மாதம் ஆயிற்று. இடது பாதத்தில் மரமரப்பு இன்னும் இருக்கிறது.

முன்பு கிரேடு 1 (வீரியம் மிகக் குறைந்த படி) என்றிருந்த இந்தக் கட்டியை, உலக சுகாதார நிறுவனம் 2021இல் கிரேடு 2 ஆக மாற்றியது. பல வருஷம் கழித்தும் திரும்பி வரக்கூடியது என்பதால் வருஷா வருஷம் ஸ்கேன். போகும்போது பழைய சி.டி.க்களையும் கையோடு எடுத்துப்போவோம். அடுத்தது ஐப்பசியில்.