அறுவடை மாதங்களில் படிப்பு விட்டுப்போகாமல் இருக்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறேன். கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான் சிக்கல். கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். அதனால் பகலெல்லாம் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக் காயவைக்க வேண்டும். இருட்டியதும் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அப்பாவுக்குத் துணையாகக் காவல். அங்கேயே செல்போன் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிரித்தால் இரண்டு பக்கத்தில் கண் சொக்குகிறது. அப்படி ஒரு வாரம் விட்டுப்போனால், அப்புறம் உட்கார மனமே வருவதில்லை.

200 கேள்விகளில் தமிழுக்கு 100. அது பரவாயில்லை, பள்ளிப் புத்தகங்களைப் புரட்டினால் நினைவுக்கு வந்துவிடுகிறது. கணக்கும் திறனறிவும் சேர்ந்த 25 கேள்விகள்தான் கவலை. தனிவட்டி, கூட்டுவட்டி, ஆள்-நாள் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தால்தான் கையில் நிற்கும்.

விவசாய வீட்டிலிருந்து படித்துத் தேறியவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். அந்த மாதங்களில் எப்படிச் சமாளித்தீர்கள்? நடவு முடியும்வரை கணக்கை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் போதுமா, இல்லை எல்லாப் பாடமும் கொஞ்சம் கொஞ்சமாகவா? மனசு விட்டுப்போன நாளில் மறுபடி எதிலிருந்து ஆரம்பித்தீர்கள்?

நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் படிக்கிறவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். இரவில் போனில் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.