மின்னஞ்சலில் முடிவெடுத்துவிட்டுக் கூட்டம் கூட்டும் போர்டு: புளோரிடா கண்டோ உரிமையாளர் என்ன செய்யலாம்?

மூன்றாம்மாடி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். புளோரிடாவில் 64 வீடுகள் உள்ள ஒரு கண்டோமினியத்தில் (வீட்டுக்கு ஓர் உரிமையாளர் என்றுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு, சுருக்கமாகக் கண்டோ) எங்களுக்கும் ஒரு வீடு இருக்கிறது. கூரையைச் செப்பனிட வீட்டுக்கு 6,800 டாலர் சிறப்பு வசூல் (வழக்கமான பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல் கேட்கும் தொகை) என்று சென்ற மாதம் கடிதம் வந்தது. அதை நிறைவேற்றிய போர்டு (உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழு) கூட்டத்துக்கான அறிவிப்பை லிஃப்ட் அருகே உள்ள பலகையில் இரண்டு நாள் முன்புதான் ஒட்டினார்கள். அதிலும் "கட்டடப் பராமரிப்பு" என்ற ஒற்றை வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. கூட்டத்தில் தலைவர், "மின்னஞ்சலில் எல்லாரும் ஓட்டுப் போட்டுவிட்டோம், பதிவுக்காக ஒருமுறை கை தூக்குங்கள்" என்றார். நான் பேச எழுந்தபோது, உரிமையாளர்கள் கேட்க மட்டுமே வரலாம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஏழே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கூரை ஒழுகுவது உண்மைதான், பணம் தரவும் மறுக்கவில்லை. ஆனால் இப்படி முடிவெடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா?

நெல்லைக்காரன்:
இடமில்லை. புளோரிடா கண்டோமினியம் சட்டத்தின் 718.112 பிரிவைப் படித்துப் பாருங்கள். கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் வருகை) உள்ள போர்டு கூட்டம் எதுவானாலும் உரிமையாளர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒவ்வொரு பொருள் குறித்தும் பேச உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனை நிமிடம் பேசலாம் என்று போர்டு எழுத்தில் நியாயமான விதி வகுத்துக்கொள்ளலாமே தவிர, வாயை அடைக்க முடியாது. சாதாரணக் கூட்டத்துக்கு 48 மணி நேர அறிவிப்பு போதும். அவசரமில்லாத சிறப்பு வசூலுக்கு அது போதாது: 14 நாள் முன்பே ஒவ்வொரு உரிமையாளருக்கும் அறிவிப்பை அனுப்பி, வளாகத்திலும் ஒட்ட வேண்டும், வசூல் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதையும், உத்தேசச் செலவையும், அது எதற்காக என்பதையும் அதில் எழுத வேண்டும். உறுப்பினர்கள் மின்னஞ்சலில் கருத்துப் பரிமாறலாம், ஓட்டுப் போடக் கூடாது. வழக்கு குறித்து வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறுவதும் பணியாளர் விவகாரமும்தான் மூடிய கதவுக்குள் பேசத்தக்கவை. கூரை ஒப்பந்தம் அந்த இரண்டிலும் சேராது.

அறிவிப்பு முறைப்படி கொடுக்கப்பட்டது என்பதற்கு, கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் சங்கத்தின் ஆவணங்களில் இருந்தாக வேண்டும். முதலில் அதை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 10 வேலை நாட்களுக்குள் ஆவணங்களைக் காட்டுவது அவர்கள் கடமை.

சாந்தக்கிளாரா:
எங்கள் கலிபோர்னியாவில் இத்தகைய வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கான டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம் வேறு விதமாகப் போகிறது. அறிவிப்புக்கு 4 நாள்தான். ஆனால் கூட்டக் குறிப்பின் வரைவாவது 30 நாளுக்குள் உறுப்பினர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஒப்பந்தம் போடுவதை மூடிய அமர்வில் பேசலாம் என்றாலும், பேசிய பொருளை அடுத்த திறந்த கூட்டத்தின் குறிப்பில் பொதுவாகவேனும் பதிய வேண்டும். விதி மீறப்பட்டால் ஓராண்டுக்குள் வழக்குத் தொடரலாம். ஒரு மீறலுக்கு 500 டாலர் வரை அபராதம். இங்கே படிக்கும் மற்றவர்கள் இரண்டு மாநிலச் சட்டங்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முன்னாள் போர்டு உறுப்பினர்:
நான் புளோரிடாவில் நான்கு ஆண்டு போர்டில் இருந்தவன். மயாமி அருகே உள்ள சர்ப்சைடில் 2021 ஜூனில் ஒரு கண்டோ கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தபின், பழுதைத் தள்ளிப்போட எந்தப் போர்டுக்கும் துணிவில்லை. அந்தக் கட்டடத்திலேயே பழுதுபார்க்க ஏறத்தாழ 15 மில்லியன் டாலர் வசூலை முடிவு செய்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் எத்தனை ஒப்பந்தப்புள்ளி வந்தது, ஏன் இவரைத் தேர்ந்தோம் என்று 14 நாள் முன்பே மக்கள் முன் வைத்தபோதுதான் எங்கள் வளாகத்தில் வசூல் சண்டையில்லாமல் முடிந்தது.

தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள்: கோபத்தில் பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். கண்டோவின் மூலப் பத்திரத்தில் (declaration) வட்டி விகிதம் குறிப்பிடப்படாவிட்டால் சட்டப்படி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி ஏறும், பாக்கிக்காக வீட்டின் மீது உரிமைப் பிணையும் (lien) விழும். ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டு, மாநிலத்தின் கண்டோமினியம் பிரிவில் புகார் செய்யுங்கள். அடுத்த கூட்டத்தைப் பதிவு செய்யவும் உங்களுக்குச் சட்டம் அனுமதி தருகிறது. செல்பேசியை மேசை மேல் வெளிப்படையாகவே வையுங்கள்.

மூன்றாம்மாடி:
மிக்க நன்றி. உறுதிமொழிப் பத்திரத்தைக் கேட்டு இன்றே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புகிறேன். இரண்டாம் மாடியில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.