திருச்சி டு சிங்கப்பூர்: நாலு மணி நேரமா, ஆறே முக்காலா?

மன்னைக்காரன்:
தங்கைக்கு சிங்கப்பூரில் பிரசவ நேரம். துணைக்கு அம்மா தனியாகக் கிளம்புகிறார். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. டிக்கெட்டில் 15ஆம் தேதி திருச்சியில் புறப்பாடு 01.30, அங்கே இறங்குவது 08.10 என்று இருக்கிறது. விரல் விட்டு எண்ணினால் 6 மணி 40 நிமிடம். திரும்பி வரும் டிக்கெட்டிலோ 22.40க்கு ஏறி 00.20க்கு திருச்சி! போகும்போது மட்டும் எங்காவது நின்று போகுமா? அம்மாவுக்கு முட்டி வலி, அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது. மன்னார்குடியிலிருந்து எத்தனை மணிக்குக் கார் எடுக்கலாம்?

ஒரத்தநாடு ராத்திரி ஷிப்ட்:
எங்கும் நிற்காது. அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரண்டுமே 4 மணி 10 நிமிடம்தான். தூரம் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரமும் இதில் சேர்த்தி.

ஒரு வேடிக்கை. ஆடி மாதம் தரையில் மேற்கிலிருந்து காற்று அம்மியைத் தூக்கும். விமானம் பறக்கிற உயரத்திலோ அப்போது கிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் அந்த மாதங்களில் ஊர் திரும்பும்போதுதான் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும்.

முட்டி வலிக்கு நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள். எழுந்து நாலு அடி நடக்கலாம்.

வடுவூர் ஏரிக்கரை:
தேதியைப் பாருங்கள்! 15ஆம் தேதி 01.30 என்றால் 14ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்கவேண்டும். என் மாமா 15ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, வேட்டி மடிப்புக் கலையாமல் போய் இறங்கினார். விமானம் போய் முக்கால் நாள் ஆகியிருந்தது. டிக்கெட் காசு போனதைவிட, திரும்பி வரும்போது தஞ்சாவூர் வரைக்கும் அத்தை பேசியதுதான் அவருக்கு ஆறவில்லை.

நாகை பெரியவர்:
எங்கள் அப்பா ரஜூலா கப்பலில் போனவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும். படகில் போய் ஏறவேண்டும். பினாங்கு வழியாக சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் பிடிக்கும். அப்போது நேர வித்தியாசம் இரண்டு மணிதான். 1982 ஜனவரியில்தான் அவர்கள் கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள்.

மன்னைக்காரன்:
வடுவூராரே, உங்களுக்கு ஒரு கும்பிடு. நானும் 15ஆம் தேதி ராத்திரிக்குத்தான் காருக்குச் சொல்லி வைத்திருந்தேன்! இப்போது 14ஆம் தேதி இரவு ஏழரைக்கு மாற்றிவிட்டேன். சாலை இரண்டரை மணி, வழியில் ஒரு டீ. பத்தரைக்குள் போய்விடலாம்.

நேரக் கணக்கை அம்மாவிடம் விளக்கினேன். ‘அப்ப அங்க விடியறப்ப இங்க நடுராத்திரியா?’ என்றார். நடுராத்திரி இல்லை, அங்கே ஏழு மணிக்கு விடியும்போது இங்கே விடிகாலை நாலரை என்றேன். அவருக்கு அதெல்லாம் கவலையில்லை. பிரசவ லேகிய டப்பாவைக் கைப்பையில் வைத்து மடியில் வைத்துக்கொள்வேன் என்று நிற்கிறார். 100 மில்லிக்கு மேல் போனால் சோதனையில் எடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, இப்போதுதான் பெரிய பெட்டியில் புடவைக்கு நடுவே செருகினேன்.